சட்டை டப்பாவில் செய்த கார் கண்ணாடி

எங்கள் கல்யாணப் போட்டோவின் சட்டத்தை என் கணவர் கழற்றி எடுத்துவிட்டார் என்று நான் கண்டுபிடித்த ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரில் எங்கள் தெருவின் கடைசி வீடு வரைக்கும் என் குரல் கேட்டிருக்கும். போட்டோ அலமாரியில் குப்புறக் கிடந்தது. சட்டம் சமையலறையில், கரண்ட் அடுப்புக்கு ஒரு சாண் உயரத்தில், அவர் கையில் இருந்தது. நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சட்டை டப்பாவின் பிளாஸ்டிக் மூடியை வைத்துச் சுற்றிலும் கிளிப் போட்டிருந்தார். அது சூட்டில் அப்பளம்போல நெளிந்துகொண்டிருந்தது.

"கத்தாத, கை ஆடிடும்" என்றார்.

மற்ற வீடுகளில் புருஷன் குடிக்கிறான், சீட்டாடுகிறான் என்று பெண்கள் புலம்புவார்கள். எனக்கு வாய்த்தவர் கார் செய்தார். நிஜக் காரை அளந்து, இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி, மரத்தில் செதுக்குவார். ஷூ கம்பெனிக்குக் கால் வடிவ அச்சுக் கட்டை செய்யும் பட்டறையில் மிஞ்சும் துண்டு மரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். அது விளையாட்டுச் சாமான் இல்லை. கதவு இடுக்கு, கைப்பிடி, பம்பரின் வளைவு எல்லாம் கணக்காக இருக்கும். தெருவில் ஒரு கார் நின்றால் போதும், பாக்கெட்டிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்துவிடுவார். கார்க்காரர்கள் இவரைப் போலீஸ் என்று நினைத்த நாளும் உண்டு, திருடன் என்று நினைத்த நாளும் உண்டு.

வேலை, ஒரு தோல் ஷாப்பில் ஃபிட்டர். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் கடை என்று நினைத்துக்கொண்டு செருப்பு வாங்க வந்து நிற்பார்கள். நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் படித்து, அங்கேயே நான்கு வருடம் வேலை பார்த்தேன். இவர் விரலை ரோலரில் கொடுத்துவிட்டு எங்கள் தியேட்டருக்கு வந்து சேர்ந்தார். விரல் பிழைத்தது, நான்தான் மாட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பின் ஆம்பூரில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது.

சட்டை டப்பா எதற்கு என்று சொல்ல வேண்டுமென்றால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே வேலூர் ஆஸ்பத்திரியில் அவர் டிரைவர். ஒரு வெள்ளை அம்பாசடரைப் பல வருடமாக ஓட்டினார். காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்கும் பெரிய டாக்டர்களை அழைத்து வருவார், அவசரத்துக்கு நர்ஸுகளைக் கொண்டு போய் விடுவார். அம்மா நான் நர்சிங் படிக்கும்போதே போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் எனக்கு யாரும் இல்லை. அந்தக் காரைத்தான் தம்பி என்று சொல்லிக்கொள்ள வேண்டும், வீட்டில் அதற்கு அவ்வளவு செல்லம்.

மாப்பிள்ளையை நானே பார்த்துக்கொண்டேன் என்பதில் அப்பாவுக்குக் கோபம் இருந்திருக்கும். அதை அவர் சொல்லவில்லை. நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்கள் கோயிலுக்குப் போகிற ரோமன் கத்தோலிக்கர்கள் என்றார். தோல் ஷாப் வேலை, கை கழுவினாலும் வாடை போகாது என்றார். நான் பிடிவாதமாக நின்றதும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கல்யாணத்தை முறையாக நடத்திக் கொடுத்தார். அதற்கப்புறம் இரண்டு வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நாங்கள்தான் வேலூருக்குப் போய்வருவோம். சாப்பாட்டில் குறை வைக்க மாட்டார். ஆனால் மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. ஒரே பாயில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமான்னு கேளும்மா என்பார். நானும் தந்தி ஆபீஸ்போல இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பேன். உள்ளுக்குள் எனக்கு எரியும். திரும்பி வரும் பஸ்ஸில், வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், நான் கெஞ்ச மாட்டேன், நீங்களும் போய்க் கெஞ்சக்கூடாது என்று இவரிடம் ஒவ்வொரு முறையும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்வேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவேன். அப்பா வந்து என் வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும். எனக்கு இருந்த ஆசையெல்லாம் அது ஒன்றுதான்.

கல்யாணத்துக்குப் பின் வந்த இரண்டாவது கிறிஸ்துமஸுக்கு இவர் தன் கார்களில் ஒன்றைப் பழுப்புத் தாளில் சுற்றி அப்பாவுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா அதை வாங்கித் திருப்பினார். அடியைப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கண்ணாடியே இல்லியே. கண்ணாடி இல்லாத வண்டிய எவன் ஓட்டுவான்னு கேளு" என்றார்.

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவரோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மாமா ரெண்டு நிமிஷம் முழுசாப் பார்த்தார், அடியெல்லாம் திருப்பிப் பார்த்தார், தப்பைச் சரியாப் பிடிச்சுட்டார் என்று வாணியம்பாடிக்குப் போகிற யாரோ ஒருவரிடம்கூடச் சொல்லிக்கொண்டு வந்தார். கோபப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்படுகிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது?

ஈஸ்டர் சமயத்தில் செய்தி வந்தது. ஆகஸ்ட் கடைசியில் அப்பாவுக்கு ரிடையர்மென்ட். காரும் பழசாகிவிட்டது, அதே மாதத்தோடு அதையும் நிறுத்திவிடுகிறார்கள். இவர் உடனே முடிவு செய்துவிட்டார். அந்த வெள்ளை அம்பாசடரையே செய்வது, கண்ணாடியோடு செய்வது, பிரிவுபசார விழாவில் அப்பா கையில் கொடுப்பது.

"அதுக்கப்புறம் மாமா நம்ம வீட்டுக்கு வர்றாரா இல்லியான்னு பாரு" என்றார்.

கார் உடம்பு ஒரு மாதத்தில் முடிந்தது. ஆஸ்பத்திரி ஷெட்டுக்கு அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் அளவெடுத்தார். கண்ணாடியில்தான் சிக்கல். அம்பாசடரின் முன்கண்ணாடி குறுக்காகவும் வளையும், ஓரத்தில் கீழ்நோக்கியும் வளையும். தட்டையான பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டினால் ஒரு மூலை படிய, இன்னொரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது.

தோல் ஷாப்பில் இவர் பழுது பார்க்கும் மெஷின்களில் ஒன்று வேக்குவம் டிரையர். சூடான இரும்புத் தட்டில் ஈரத் தோலை விரித்து மூடியை இறக்குவார்கள். பம்ப் காற்றை உறிஞ்சும். தோல் தட்டோடு தட்டாகப் படிந்து சீக்கிரம் காய்ந்துவிடும். ஈரத் தோலை இழுக்கிற காற்று சூடான பிளாஸ்டிக்கை இழுக்காதா என்று இவருக்கு ஒரு யோசனை. காருக்குள் இருக்கும் கண்ணாடி முழுவதையும், முன், பின், பக்கவாட்டு எல்லாம் சேர்த்து, ஒரே கூடாக இழுத்து எடுத்துக் கீழிருந்து உள்ளே நுழைத்துவிடலாம் என்றார்.

முதலில் ஒரு மரப்பெட்டி செய்தார். அதன் மேல் தகரம், தகரத்தில் ஆணியால் குத்திய துளைகள். பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய். காற்றை உறிஞ்ச சைக்கிள் பம்ப். சைக்கிள் பம்புக்குள் இருக்கும் தோல் வாஷரைத் தலைகீழாகப் போட்டால் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சும், அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறிஞ்சியது, அதற்குள் பிளாஸ்டிக் ஆறிவிட்டது. முதலில் ஒரு டப்பாவில் வெற்றிடத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு ஒரேயடியாகத் திறந்துவிடலாம் என்று என் மண்ணெண்ணெய் டின்னை எடுத்தார். ஐம்பது அறுபது இழுப்பு இழுத்திருப்பார். டின் டப்பென்று ஒடுங்கி, மிதித்த தீப்பெட்டி மாதிரி ஆகிவிட்டது. பாரு, எவ்வளவு நல்லா உறிஞ்சுது என்று சந்தோஷப்பட்டார்.

பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தியேட்டரில் ரத்தம் உறிஞ்சக் காலால் மிதிக்கிற சக்ஷன் மெஷின் ஒன்று இருக்குமே, ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கும் என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

கடைசியில் ஒரு நிஜ பம்ப் கொடுத்து உதவியவர் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். முன் போர்ஷனில் அவர் குடும்பம், பின் போர்ஷனில் நாங்கள். இவருடைய தோல் ஷாப்பிலேயே ஃபினிஷிங் பிரிவுக்கு மேஸ்திரி. ஊருக்கே அவர் பாய்தான், எங்களுக்கும் பாய். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ், மெஷினிடம் இரண்டிலும் திட்டு. கழித்துப்போட்ட பழைய வேக்குவம் பம்ப் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? தினமும் சாயங்காலம் வேலை விட்டதும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் சமையலறையில் உட்கார்ந்துவிட்டார்.

பிளாஸ்டிக்குக்கு முதலில் பழைய எக்ஸ்ரே பிலிம். நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். வெந்நீரில் தேய்த்தால் கறுப்பு போய்க் கண்ணாடியாகிவிட்டது. ஆனால் அடுப்பில் காட்டியதும் தொய்வதற்குப் பதிலாகச் சுருண்டு, கிளிப்பைப் பிய்த்துக்கொண்டு வந்தது. யாருடைய நெஞ்செலும்போ, கடைசிவரை வளையமாட்டேன் என்றுவிட்டது. அடுத்தது சட்டை டப்பா. அந்தக் காலத்தில் நல்ல சட்டை வாங்கினால் அட்டைப் பெட்டியில் கண்ணாடிபோன்ற மூடி போட்டு வரும். அந்த மூடி சூட்டில் அழகாகத் தொய்ந்தது. நல்லவேளையாக ரம்ஜான் வந்தது. பாய் வீட்டில் அண்ணன் தம்பி, பிள்ளைகள் என்று எல்லோருக்கும் புதுச் சட்டை. சட்டையை அவர்கள் போட்டுக்கொண்டார்கள், மூடியெல்லாம் எங்களுக்கு வந்தது. மொத்தம் பதினோரு மூடி. இனிமேல் ஊரில் தீபாவளிக்குத்தான் சட்டை வாங்குவார்கள், அதற்குள் அப்பா ரிடையராகிவிடுவார்.

இனி அச்சு. மருந்துக் கடையில் மாவுக்கட்டுப் பவுடர் வாங்கினோம். எலும்பு முறிவுக்குப் போடுவார்களே, அதே வெள்ளை மாவு. குழைத்துக் காய்ந்தால் கல். அச்சை எப்படிச் செய்வது என்பதில் பாய்க்குச் சந்தேகமே இல்லை. கிண்ணம்போலக் குழிவாகச் செய்ய வேண்டும், பிளாஸ்டிக் குழிக்குள் இறங்கி, அதன் வெளிப்பக்கம் அச்சில் படிய வேண்டும் என்றார்.

"தோல்ல எந்தப் பக்கத்த ஜனங்க பாக்கறாங்களோ, அந்தப் பக்கம் தட்டத் தொடணும். அப்பதான் மினுக்கு வரும்" என்றார்.

இவரும் தலையாட்டினார். இருவரும் சேர்ந்தால் முப்பது வருடத் தோல் அனுபவம். நான் என்ன கண்டேன், வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று, அதற்குத் தண்டனையும் அனுபவித்தேன்.

கல்யாணப் போட்டோ சட்டத்தை எடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு அடுத்ததுதான். நான் கத்தி முடித்ததும் சட்டத்தை அச்சின் மேல் கவிழ்த்தார், பாய் சுவிட்சைப் போட்டார், பம்ப் கரகரவென்று ஓடியது. பிளாஸ்டிக் சப்பென்று குழிக்குள் இறங்கியது. எடுத்துப் பார்த்தால் உருவம் அச்சு அசல் அம்பாசடர் கண்ணாடி. ஆனால் மார்கழிப் பனியில் விட்டுவைத்த கண்ணாடி. மாவின் ஒவ்வொரு நுண்துளையும் அதில் பதிந்து, பால் பூத்தமாதிரி மங்கலாக இருந்தது.

அச்சில் மினுக்கு போதவில்லை என்று இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். செங்கல் பொடி போட்டுத் தேய்த்தார்கள். அடுத்த மூடி. மங்கல். உப்புத்தாள் போட்டார்கள். மங்கல். தோலுக்குப் பூசுகிற அரக்கை அச்சில் பூசினார்கள். சூட்டில் அரக்கு இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, காருக்கு மஞ்சள் காமாலை வந்தமாதிரி ஆயிற்று. தோலுக்கு மினுக்கேற்றுகிற கண்ணாடி உருளை ஒன்றைப் பாய் கொண்டு வந்து, அதனால் அச்சை ஒரு வாரம் தேய்த்தார். அந்த வாரம் முழுவதும் என் சாம்பாரில் மாவுக்கட்டு. மூடி மேல் மூடி போயிற்று. வீடெல்லாம் கருகின பிளாஸ்டிக் வாடை. தோல் வாடையைக் குறை சொன்ன என் அப்பா இதை மோந்திருந்தால் தோல் ஷாப்புக்கே குடி போயிருப்பார்.

மூன்று மூடி மிச்சம் இருந்தபோது இவர் முதன்முறையாகச் சோர்ந்துபோய்விட்டார். பேசாமல் கண்ணாடி இல்லாமலே கொடுத்துவிடலாமா என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.  ஒரு கண்ணாடிக்காக அப்பா வருவார் என்று நான் நம்பினேனா என்றால், அதுவரை இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இவர் சோர்ந்ததும்தான் நானும் எவ்வளவு நம்பிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

மறுநாள் காலை தியேட்டரில் ஒரு குடலிறக்க ஆபரேஷன். கை கழுவிவிட்டு வந்து கையுறை போட்டுக்கொண்டிருந்தேன். கையுறையின் வாய்ப்பகுதி வெளியே மடித்திருக்கும். அந்த மடிப்பை, அதாவது உள்பக்கத்தை மட்டும்தான் வெறும் கையால் பிடிக்க வேண்டும். நோயாளியின் உடம்பில் படப்போகிற வெளிப்பக்கத்தை எதுவும் தொடக்கூடாது. முதல் வருடப் படிப்பில் இதற்காகக் கையில் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன். எந்தப் பக்கம் வேலைக்கு வேண்டுமோ அந்தப் பக்கம் காற்றைத் தவிர எதையும் தொடக்கூடாது. ஒரு கையுறை போட்டாயிற்று, இன்னொன்று பாதியில் நிற்கிறது, எனக்கு எங்கள் சமையலறை ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் என்ன சிஸ்டர் என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் சொன்னேன். குழி அச்சு வேண்டாம், மேடாகச் செய்யுங்கள், பிளாஸ்டிக் அதன்மேல் போர்வைபோலப் படியட்டும், உள்பக்கம்தான் அச்சைத் தொடும், வெளிப்பக்கம் எதையும் தொடாது. பாய் ஸ்டூலில் இருந்தபடியே சிரித்தார். தட்டைத் தொடாமல் மினுக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டார். இவரும் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முடிவெடுக்க முடியாமல் அடுப்பைப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம். "தோல் சொரசொரன்னு வருது, நீங்க மினுக்கு ஏத்தறீங்க. இது கடையிலேருந்து வரச்சொல்லவே பளபளன்னுதான வருது? இதுக்கு யாரு மினுக்கு கேட்டா? இருக்கறதக் கெடுக்காம இருந்தாப் போதாதா?" என்றேன்.

 பாய் மிச்சமிருந்த மூன்று மூடியில் ஒன்றைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதில் ஒரு கீறல் இல்லை. ரம்ஜானிலிருந்து அது தன்பாட்டுக்கு மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மாதமாக நாங்கள்தான் அதைப் பிடித்து இழுத்துக் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

"அடச்சே" என்றார் பாய். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒப்புதல் எதிர்பார்க்கக்கூடாது.

தோற்றவர் மாதிரி காட்டிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் கையுறைத் தோல் ஒரு துண்டு கொண்டு வந்தார். ஆட்டுத் தோல், தேய்த்துத் தேய்த்துப் பஞ்சுபோல மெத்தென்று ஆனது. மேட்டு அச்சின் மேல் இதை இறுக்கிப் போர்த்திவிட்டால் உள்பக்கத்திலும் தடம் விழாது, காற்றும் ஊடே போகும் என்றார். சொன்னது சரிதான். முதல் மூடி மூலைகளில் புடவைக் கொசுவம்போல மடிப்பு விழுந்து போயிற்று. அச்சுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து உயர்த்தினார் இவர். மிச்சம் இரண்டு.

அன்று நான் அடுப்புப் பக்கம் நின்றேன். ஓரம் சுருங்கி, நெளிந்து, பிறகு நெளிவெல்லாம் போய் டிரம்போல விறைத்து, நடுவில் மெல்லத் தொய்யத் தொடங்கியது. இப்போ என்றேன். இவர் சட்டத்தை இறக்கினார், பாய் சுவிட்சைத் தட்டினார். சப். பத்து எண்ணினோம். இவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தேன். அதன் வழியாகப் பாய் வீட்டுக் கொடியில் காயும் துணியின் பூவெல்லாம் எண்ணலாம்போலத் தெரிந்தது. சந்தோஷத்தில் நான் பாய்க்கு டீயில் சர்க்கரைக்குப் பதிலாக ரவையைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் குடித்துவிட்டு நல்லாருக்கு தங்கச்சி என்றார்.

ஓரத்தை வெட்டும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். கூடு காருக்குள் நுழைந்து, தன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆகஸ்ட் கடைசி நாள் வேலூர் ஆஸ்பத்திரி கார் ஷெட்டில் டீ, சமோசா, பேச்சு. டிரைவர்கள் அப்பாவுக்கு ஒரு மாலை, காருக்கு ஒரு மாலை போட்டார்கள். அப்பாவைவிடக் காருக்குத்தான் பெரிய மாலை. ஒரு டாக்டர் ஜெபம் செய்தார். எல்லாம் முடிந்தபின் இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் பழுப்புத் தாள் பொட்டலத்தை அப்பா கையில் கொடுத்தார்.  

அப்பா பிரித்தார். கையில் வைத்துத் திருப்பினார். முன்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். கண்ணாடி இருக்கிறதா, வெறும் ஓட்டையா என்று அவருக்குத் தெரியவில்லை. நகத்தால் லேசாகத் தட்டினார். டிக் என்றது. இன்னொரு முறை தட்டினார். பக்கவாட்டில் பார்த்தார், பின்னால் பார்த்தார், மறுபடி டிரைவர் பக்கம் வந்து நின்றுவிட்டார்.  பிறகு தலையை நிமிர்த்தினார். என் பக்கம் திரும்பவில்லை, நேராக இவரைப் பார்த்தார்.

"டிரைவர் பக்கக் கண்ணாடி முழுக்க ஏறியிருக்கு, மாப்ள. நான் ஒருநாளும் முழுக்க ஏத்தி ஓட்டினதில்ல. மழையானாலும் நாலு விரல் எறக்கித்தான் வைப்பேன். மூடிட்டா ரோட்டுல கூப்புடுறவங்க கொரல் கேக்காது" என்றார்.

மற்ற டிரைவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். கண்ணாடி இல்லை என்று குற்றம் சொன்ன அதே வாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவருக்கு இரண்டும் வரவில்லை. தப்பைச் சரியாகப் பிடித்துவிட்டார் என்கிற அந்தப் பரீட்சை முகம் வந்துவிட்டது.

"அப்ப எறக்கிடலாம் மாமா. எதுமட்டும் எறக்கணும்னு நீங்கதான் காட்டணும். ஞாயித்துக்கிழம நம்ம வீட்டுக்கு வாங்க" என்றார். சொல்லிவிட்டு, கெஞ்சக்கூடாது என்ற என் உத்தரவு ஞாபகம் வந்து என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அப்பா காரை மெதுவாகத் தாளில் வைத்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். "இப்பதான் வாங்கன்னு ஒரு வார்த்த சொல்றீங்க."

 மாப்பிள்ளை வந்து நேரில் அழைக்காமல் பெண்ணைப் பெற்றவர் மகள் வீட்டில் கை நனைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழக்கம் அது. எனக்கும் தெரியும். தெரிந்தும், அப்பா வரவில்லை, அப்பா வரவில்லை என்று இரண்டு வருடம் பஸ் ஜன்னலில் அழுதிருக்கிறேன். அழைக்கத் துடித்த மனுஷனைப் போகக்கூடாது என்று தடுத்து வைத்ததும் நான்தான். வாடை, கோயில் என்று அவர் சொன்னதெல்லாம் கல்யாணத்தோடு முடிந்துபோயிருந்தது. அதற்கப்புறம் அவர் வெறுமனே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன், அப்பா ரிடையராகிற துக்கம் என்று நினைத்து டிரைவர்கள் எனக்கு ஒரு சமோசா கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நாங்கள் கோயிலிலிருந்து திரும்பும்போது பாயோடு ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மாமனாரும் மருமகனும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, நாலு விரல் என்றால் இருபதில் ஒரு பங்குக்கு எவ்வளவு என்று சண்டை போட்டார்கள். மூன்றரை மில்லிமீட்டர் என்றார் இவர். ஜாஸ்தி என்றார் அப்பா. யார் விரல் என்று கேட்டார் பாய். நாலு மாதம் பாடுபட்டுச் செய்த கண்ணாடியிலிருந்து ஒரு கீற்றை இவர் அரை நிமிடத்தில் வெட்டி எறிந்தார். அப்பா அந்த இடுக்கைப் பார்த்துத் தலையாட்டினார்.

மத்தியானம் சாப்பிட்டார். இரண்டு முறை குழம்பு வாங்கிக்கொண்டார். நாலு மணிக்குக் கிளம்புகிறேன் என்று பையை எடுத்தார். வாசலில் செருப்பை மாட்டினார். வார் சரியில்லை என்று கழற்றி மறுபடி மாட்டினார். பஸ் நேரம் என்ன என்று கேட்டார், அது அவருக்கே தெரியும். குடை எடுத்தோமா என்று பார்த்தார், கையில்தான் இருந்தது. அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கப்பா" என்றேன்.

உடனே பையைக் கீழே வைத்துவிட்டார்.